பெற்றுக்கொண்டவர்

மதியம் இரண்டே கால் மணி. விமான நிலையத்தின் போர்டில் மேலிருந்து கீழ்வரை எல்லா வரியும் சிவப்பாக இருந்தது. வெளியே மழை இன்னும் வலுக்கவில்லை. புயல் ராத்திரிதான் கரை ஏறும் என்றார்கள். ஆனால் விமானங்களை நேற்று மாலையே ரத்து செய்துவிட்டார்கள். நிறுத்தியிருந்தவற்றையும் காலையிலேயே வேறு ஊர்களுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பயணிகளை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போவது அவள் வேலை. கைப்பிடியைப் பிடித்தபடி மூடிய கவுண்டருக்கு முன்னால் நின்றிருந்தாள். நாற்காலியில் ஐம்பது வயது எலெக்ட்ரீஷியன் ஒருவர். ஒரு காலில் தொடை வரை மாவுக்கட்டு. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர். கூட வேலை செய்பவர்கள் தன்னைக் 'கரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கான்ட்ராக்டர் அவரை ஊருக்கு அனுப்புவதாக டிக்கெட் போட்டு, வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வந்த வேகத்தில் போய்விட்டான்.

ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் அவள் போர்டைக்கூடப் பார்க்கவில்லை. பழக்கதோஷம். உட்காரவைத்து வீல்சேருக்கான மஞ்சள் சீட்டை எழுதிவிட்டாள். எழுதினால் முடிக்க வேண்டும். அடியில் 'பெற்றுக்கொண்டவர்' என்று ஓர் இடம். விமானக் கம்பெனி ஆளோ வீட்டு ஆளோ அங்கே கையெழுத்துப் போட்டால்தான் அவள் வெளியே போகலாம். போன மாதம் ஒருத்தி ஒரு கிழவரைக் கழிப்பறை வாசலில் விட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அவளுடைய வேலை பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"நேத்தே மெசேஜ் போயிடுச்சேக்கா," என்றாள் கவுண்டர் பெண், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"எனக்கு வரலையேம்மா," என்றார் கரண்டு.

"டிக்கெட் போட்டவங்க நம்பருக்குத்தான் போகும். முன்கூட்டியே சொல்லிட்டதால ஹோட்டல் ரூமும் கிடையாது."

"சீட்டுலயாவது ஒரு கையெழுத்து..."

"இல்லாத ஃபிளைட்டுக்கு நான் எப்படிக்கா ஆள வாங்குவேன்?"

கவுண்டர் பெண் போய்விட்டாள். கரண்டு ஆறாவது முறையாகக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் போன் அதிர்ந்தது. மகள். எட்டு வயது.

"அம்மா, பாத்ரூம் ஓட்டையில இருந்து கால்வாய்த் தண்ணி குபுகுபுன்னு மேல வருதும்மா."

"துணிய வெச்சு அடைடி. கட்டில்ல ஏறி உட்காரு."

"அடைச்சேன். துணி மிதக்குது."

"ஜன்னல்ல நின்னு பக்கத்து வீட்டு அத்தையக் கூப்பிடு."

"அத்தை காலையிலயே போயிட்டாங்க. யாருமே இல்லம்மா. அம்மா, நீ எப்ப வருவ?"

"இதோ கிளம்பிட்டேன். அழாத. போன நனைச்சுடாத."

கரண்டு திரும்பிப் பார்த்தார். "பாப்பா தனியாவா இருக்கு?"

"வெளிய பூட்டிட்டு வந்திருக்கேன்ணே. சாவி என்கிட்ட இருக்கு."

அவர் குனிந்து மாவுக்கட்டின் மேல் ஒட்டியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார்.

சூப்பர்வைசர் சாவிக்கொத்தோடு வந்தார். "மூணு மணிக்குக் கட்டடத்தைச் சாத்தணும். ஸ்டாஃப் பஸ்ஸ இன்னும் அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவான், வெளியாள ஏத்த மாட்டான். இதுதான் கடைசி. சீட்டு முடிச்சியா?"

"யாரு சார் இருக்கா போட? நீங்க போடுங்க சார், கால்ல விழறேன். கொழந்த உள்ள பூட்டிக் கிடக்குது."

"நான் போட்டா இந்தாள் பாரம் என் தலையில விடியும். ஏத்தினது நீ. இறக்கறதும் நீதான்."

அவள் கைப்பிடியை விட்டாள். மறுபடியும் பிடித்தாள்.

"சீட்டக் கொண்டா தங்கச்சி," என்றார் கரண்டு. அவள் புரியாமல் நீட்டினாள். அவர் அதைத் தொடையில் வைத்து, 'பெற்றுக்கொண்டவர்' இருந்த இடத்தில் நிதானமாக ஒரு கையெழுத்தைப் போட்டார்.

சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்தார். "இது யாரு?"

"இந்தாளோட சொந்தக்காரன் சார். அவனுக்கு என்னை விட்டா வேற நாதியில்ல," என்றார் கரண்டு, தன்னையே காட்டி.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. சீட்டின் நகலைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆகட்டும். ஆனா சேர் வெளிய போகக் கூடாது."

கரண்டை அவள் தோளில் சாய்த்து, தாங்கித் தாங்கி வாசலுக்கு வெளியே கொண்டுபோனாள். கூரைக்கடியில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்காரவைத்தாள். பையை அருகில் வைத்தாள். சாரல் அங்கேயும் அடித்தது.

"போன் பண்ணிக்கிட்டே இருங்கண்ணே. யாராவது எடுப்பாங்க."

"எடுப்பான், எடுப்பான். எங்க போயிடப் போறான்? நீ ஓடு."

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஓடினாள். சாவியை உள்ளங்கையில் பதியும்படி இறுக்கிக்கொண்டு நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். மகளை அழைத்தாள். மணி போனது. மறுபடியும் அழைத்தாள்.

"கதவோரம் நிக்காதம்மா, உள்ள போ," என்றான் டிரைவர்.

பஸ் வாசலைச் சுற்றித் திரும்பியது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காவலாளிகள் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அப்பால் இரண்டு பேர் வீல்சேர்களை மடக்கி, ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவுக்கு இந்தப் பக்கம், காதில் போனைத் தோளால் இடுக்கிக்கொண்டு, கரண்டு தன் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பையின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.