மணிக்கதவு

பழசும் புதுசும் கலந்திருக்க வேண்டும் என்று முகுந்தன் ஒற்றைக்காலில் நின்றான். ஸ்ரீவைகுண்டத்துப் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கையில் பூஜையறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டான். அங்கிருந்த, சிறுமணிகள் தொங்கும் தேக்குக் கதவைக் கழற்றிப் புதுக் கழிப்பறைக்கு மாட்டினான். வேண்டாமென்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மனைவி கோமுவுக்கு மிச்சம்.

பால்காய்ப்பு அன்று சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து தீபாராதனைக்குக் காத்திருந்தது. மணிகள் கணகணவென்று ஒலித்தன. எல்லோரும் எழுந்து, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோமு மட்டும் திரும்பிப் பார்த்தாள். கழிப்பறை வாசலில் பெரிய மாமனார் வேட்டியைச் சரிசெய்தபடி நின்றார். கூட்டத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"உக்காருங்க வே. எனக்கு எதுக்கு இம்புட்டு மரியாதை" என்று ஈரக்கையை உதறினார்.

பக்கத்தில் நின்ற சித்தி கண்ணைத் திறக்காமலே, மேலே தெறித்ததைத் தீர்த்தமென்று தலையில் தடவிக்கொண்டாள்.