நாலு கிலோவுக்குள்

"அந்தப் பெரிய லென்ஸ் எங்கம்மா?" என்று புகைப்பட மன்றத் தலைவர் கேட்டபோது, அவள் கணவரின் பாதங்களுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சாய்ந்து, அப்படியே போய்விட்டார்.

"அது பக்கத்துல இருந்தாதான் அவருக்கு மரியாதை. மலைகளைத் தோளில் சுமந்த கலைஞராச்சே!"

சுமந்தவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் எதிலும் ஏறியதில்லை. அடுத்த வாரம்தான் முதல் மலை. அதற்காக ஒரு வருஷமாக அவளுடைய சமையலறைத் தராசு அவர் கைவசம். பை நாலு கிலோவைத் தாண்டக் கூடாதாம். கேமராவின் தோல்வாரைக் கழற்றிவிட்டு நாடா கட்டினார். ஸ்டாண்டைக் கைவிட்டார். பல்துலக்கியின் பிடியைக்கூடப் பாதியாக அறுத்தார். பெரிய லென்ஸ் மட்டும் மாமியார் மாதிரி இடத்தைவிட்டு அசையவில்லை. தொள்ளாயிரம் கிராம்.

"நீயும் வாயேன்" என்றார் நாலு நாளைக்கு முன்.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? உங்க லென்ஸையே கூட்டிட்டுப் போங்க. அதுதானே நீங்க கட்டினவ."

அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ஆளே இல்லை.

"எடுத்துட்டு வரேன்" என்று எழுந்தாள்.

பை சமையலறையில் தராசுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சின்ன கேமரா, சின்ன லென்ஸ், பாதிப் பல்துலக்கி. அடியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு மடக்கு முக்காலி. பெரிய லென்ஸ் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கைக்குட்டையில் சுருண்டு கிடந்தது.

பைக்குள் எடைச் சீட்டு. 'பெரிய லென்ஸ் 900' என்பதன் மேல் ஒரு கோடு. கீழே அவருடைய கோணல் எழுத்து: 'முக்காலி, வழியில அவ உக்கார, 880.'

கூடத்தில் தலைவர் செருமினார். செருமினால் அரைமணி நேரப் பேச்சு நிச்சயம். "யாருக்காகவும் அந்த லென்ஸை விட்டுக்கொடுக்காத மனிதர்..."

அவள் முக்காலியை விரித்து உட்கார்ந்தாள். கிறீச்சென்றது, தாங்கியது.

"அம்மா," மகள் எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் உனக்காக நிக்கறாங்க."

"நிக்கட்டும்."

வலிக்கிற காலை மெல்ல நீட்டிக்கொண்டாள்.