எட்டு எழுத்துக்கு ஏழு நட்சத்திரம்

விஜயதசமி முடிந்த மறுநாள் காலை என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறந்ததுமே ஜோதிலட்சுமி வந்து நின்றாள். மேகமலை எஸ்டேட்டுகளில் காசநோய் முகாம் நடத்தும் நர்ஸ். கீழே போட்டாலும் உடையாத கனத்த லேப்டாப் ஒன்றை மேசையில் வைத்தாள்.

"பாஸ்வேர்டு தப்புங்குதுண்ணே. மூணு வாட்டி போட்டதும் அணைஞ்சிருது."

விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கும் பூட்டு அது. பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினாலும் படிக்க முடியாது. கம்பெனிக்காரன்தான் போர்டை மாற்றித் தரவேண்டும், அதற்கும் மெஷின் வாங்கிய பில்லைக் கேட்பான். பில் அவளுடைய மதுரை ஆபீசில் இருந்தது, ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும்.

"மறந்துட்டேன்னு ஒத்துக்க தாயி. போர்டை மாத்துனா மெஷின் ஓடும். உள்ள இருக்கிறது போயிரும்" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

அவள் முகம் செத்துப்போனது. "நாப்பத்திரண்டு பேரோட நெஞ்சு எக்ஸ்ரே உள்ள இருக்குண்ணே. அங்கன சிக்னல் இல்ல, அனுப்ப முடியல. ஒருநாள் கூலிய விட்டுட்டு வந்தாக. மறுபடி கூப்பிட்டா யாரு வருவா?"

"சரி, என் கண்ணு முன்னால அடி."

உதடு அசைய எட்டு எழுத்து அடித்தாள். திரையில் ஏழு நட்சத்திரம்தான் விழுந்தது.

"நிறுத்து! இத என்ன செஞ்சீக?"

"ஆயுதபூசைக்கு ஜீப்பக் கழுவுனாக. இதுக்குத்தான் தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுல்ல, சேத்துக் கழுவி சந்தனம் வச்சாக."

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பட்டனுக்கு அடியில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். ஒரு தப்பும் செய்யாதவளைக் காலங்கார்த்தாலே திட்டியிருக்கிறேன்.

வேறு கீபோர்டைச் சொருகிக் கொடுத்தேன். எட்டும் விழுந்தன, பூட்டு திறந்தது. நாற்பத்திரண்டு படமும் பத்திரமாக இருந்தன. கடை வைஃபையிலேயே முகாம் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, நான் வாங்கி வைத்த டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் டாக்டர் போனில் கூப்பிட்டார். கேட்டுக்கொண்டே எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"ஒருத்தருக்கு இருக்குதாம்ணே. ஆரம்பத்துலயே புடிச்சிட்டோம், மருந்துலயே சரியாயிருமாம்."

யாரென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடிவாரத்தில் சின்னமனூர் ஆஸ்பத்திரியில் மருந்தை வாங்கிக்கொண்டு அப்படியே மலையேறிவிட்டாள்.