காலண்டர் அட்டையில் வெட்டிய பேக்கிங்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் தீவின் ஜங்லிகாட்டில், மெக்கானிக் நளினியின் பட்டறையில் ஸ்கூட்டருக்கு பிரேக் மாற்றக் காத்திருந்தபோது, அதுவாக வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

முதல் தொடக்கம்: "கப்பல் வரவில்லை." தீவில் எந்தக் கதையையும் இப்படித் தொடங்கிவிடலாம் என்பதால் அடித்துவிட்டேன். இரண்டாவது: "ஷாதிபூர் சந்திரமோகனுக்கு பம்ப் மாட்டத் தெரியாது." இது பொய். ஆனால் ஒரு மாதம் ஊரே நம்பிய பொய், அதனால் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

2

எங்கள் ஊர் ஹரிஹரனின் புல்லட் பைக்குக்கு நாற்பத்தைந்து வயது. ஆயில் பிரஷர் பார்க்க அவரே ஒரு மீட்டர் பொருத்தியிருந்தார். புது ஆயில் பம்ப் மாட்டிக் கொடுத்தவர் ஷாதிபூரில் பட்டறை வைத்திருக்கும் சந்திரமோகன். பிறகு மழைக்காலத்தில் எஞ்சினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவர் ஓரமாக ஆயில் கசிய, வண்டி நளினியிடம் வந்தது. கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், கப்பலோ தாமதம். இதற்கெல்லாம் இங்கே யாரும் காத்திருப்பதில்லை. தினசரிக் காலண்டரின் பின்னட்டையைக் கவர்மேல் வைத்து, சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டி அச்செடுத்து, வெட்டி மாட்டினாள் நளினி. அதன்பின் ஒரு சொட்டு கசியவில்லை.

[இங்கே அவள் கைகளை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. படித்துப் பார்த்தவள், கையை விட்டுவிட்டு வேலையை எழுதச் சொன்னாள்.]

பத்தே நாளில், வண்டி சூடேறினால் மீட்டர் ஊசி பூஜ்யத்தில் படுத்தது. சூட்டில் கொஞ்சம் இறங்குவது பழைய வண்டிக்குச் சகஜம், இது அப்படியல்ல. நளினி யோசிக்கக்கூட இல்லை. பெஞ்சில் ஐந்து பேர் இருக்கும்போதே சத்தமாகச் சொன்னாள்: "பம்ப் மாட்டுன லட்சணம். பக்கா சந்திரமோகன் வேலை." எல்லோரும் சிரித்தோம். அந்த வாரமே ஷாதிபூர் பட்டறைக்கு எஞ்சின் வேலை வருவது நின்றுபோனது.

3

அடுத்த கப்பலில் வேறு பம்ப்பும், கூடவே பேக்கிங்கும் வந்தன. டைமிங் கவரைத் திறக்காமல், பம ்ப்பை வெளியிலிருந்தே மாற்றினாள். ஊசி மறுபடியும் படுத்தது. ஹரிஹரன் கோபப்படவில்லை, வெள்ளிக்கிழமைக் கப்பலில் வண்டியைச் சென்னைக்கு ஏற்றப் போவதாக மட்டும் சொன்னார். நளினிக்கு அதுதான் சுட்டது. அவள் கைவைத்த வண்டி எதுவும் ரிப்பேருக்காகக் கடல் தாண்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆயிலைப் பார்த்தாள், நல்ல ஆயில். ஃபில்டரும் சுத்தம். கடைசியாக, மழைக்காலத்துக்குப் பிறகு முதல் முறையாக, டைமிங் கவரைத் திறந்தாள். உள்ளே ஒரு கார்க் வளையம் உண்டு. கவர் அதை அழுத்திப் பிடித்தால்தான் பம்ப் தள்ளும் ஆயில் வழியில் ஒழுகாமல் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்குக்குப் போகும். வளையத்தில் அழுந்திய தடமே இல்லை. கப்பலில் வந்த பேக்கிங்கையும் தன் காலண்டர் அட்டையையும் விரலிடுக்கில் சேர்த்துப் பிடித்தாள். அட்டை மூன்று மடங்கு தடிமன். அவ்வளவு தூரம் கவர் விலகியே நின்றிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முதலில் வந்தது. வெட்கம் அடுத்த மூச்சிலேயே வந்தது. மெல்லிய பேக்கிங்கைப் போட்டு மூடினாள். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தும் ஊசி இறங்கவில்லை.

4

முடிவு ஒன்று: ஏதோ அடைப்பு என்று ஹரிஹரனிடம் சொல்லிவிடுகிறாள்; யாருக்கும் தெரியாது. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இரண்டு: சந்திரமோகன் தானே வந்து, பரவாயில்லை தங்கச்சி என்று அவள்

[முடியவில்லை.]

நளினியிடமே கேட்டேன். ஆயில் ஊறிய அட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த அண்ணன நாலு பேர் முன்னாடி சொன்னேன். நாலு பேர் முன்னாடியேதான் எம் மேல தப்புன்னு சொல்லணும். நீங்களும் அன்னைக்கு இங்கதான இருந்தீங்க சார்? ஏறுங்க, சலோ."

அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

ஷாதிபூரில் சந்திரமோகன் என்ன செய்தார் என்பதை உங்களிடம் விடுகிறேன். அவர் ஷட்டரை இறக்கலாம், டீ சொல்லலாம். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், எதை வேண்டுமானாலும் அடியுங்கள். இரண்டாம் பகுதியில் "எல்லோரும் சிரித்தோம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடிக்காதீர்கள்.