யார் காட்டுப் புழு

அக்சா புழு எடுக்க வந்திருப்பதாகச் சொன்னதும் ஐயாதுரை வரப்பில் நின்றபடியே கேட்டார்: "இதைக் கொண்டுபோயி என்னம்மா செய்வீக?"

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி அவள். ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து சோழபுரத்துக்கு வந்திருந்தாள். பருத்திக் காய்ப்புழுவின் டி.என்.ஏ.வை ஊருக்கு ஊர் ஒப்பிட்டு, எவை ஒரே கூட்டம், எவை வேறு என்று பிரிக்கிற வேலை. அதைச் சொன்னாள்.

"அப்போ எந்தக் காட்டுல பொறந்த புழுன்னு தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிரும்யா." யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் மனைவி பெத்தம்மாளை மதுரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் கிடந்தார். அறுவடை முடிந்து காய்ந்து நின்ற செடிகளை, பருத்திமாரை, பிடுங்க ஆளில்லை. பெத்தம்மாள் பிழைக்கவில்லை. அடுத்த வெள்ளாமையில் பக்கத்துக் காட்டுக்காரரான தம்பி காசிராஜனுக்குக் காயெல்லாம் சொத்தை. அண்ணன் பிடுங்காமல் விட்ட மாரிலிருந்துதான் புழு வந்தது என்று காசிராஜன் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அக்சா இரண்டு காட்டிலும் காய்களைப் பிளந்து புழு எடுத்தாள். பிளவக்கல் அணை வரைக்கும் பதினோரு இடங்களில் எடுத்தாள். ஏழு மாதம் கழித்து முடிவு வந்தது. புழு வளர்ந்து ஆகிற அந்துப்பூச்சிகள் பறந்து கலந்ததில் எல்லாம் ஒரே கூட்டமாகிவிட்டிருந்தன. ஒரு காட்டுப் புழுவை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியவில்லை.

ஐயாதுரையிடம் அவளே நேரில் போனாள்.

"அப்போ எங்காட்டுல இருந்து வரலன்னு சொல்லலாம்ல?"

"சொல்ல முடியாதுய்யா. வந்துச்சுன்னும் சொல்ல முடியாது. நான் அன்னைக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க."

அவர் கோபப்படவில்லை. "இம்புட்டையாவது தம்பிகிட்டச் சொல்லிருங்கம்மா."

காசிராஜன் மருந்தடிக்கிற டேங்கைக் கழுவிக்கொண்டே கேட்டார். "எல்லாம் ஒண்ணாக் கலந்ததுன்னா, அண்ணன் காட்டுப் புழுவும் அதுல உண்டுல்ல?"

"உண்டு."

"பொறவென்ன?"

வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஐயாதுரைக்கு அது கேட்டிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறு பருவத்தில் அக்சா வந்தபோது அவர் காட்டில் புல் மண்டிக் கிடந்தது. ஒரு குச்சி விடாமல் மாரைப் பிடுங்கி எரித்துவிட்டு, திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டாராம்.

காசிராஜன் தன் செடியிலிருந்து ஒரு காயைப் பறித்துப் பிளந்து நீட்டினார். உள்ளே புழு நெளிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் அடிச்சா அண்ணன் போனை எடுக்க மாட்டேங்காரு," என்றார் அவர். "நீங்க அடிச்சுப் பாருங்கம்மா."

அக்சா அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது.

"இன்னொரு மட்டம்."

இரண்டாவது தடவையும் யாரும் எடுக்கவில்லை. காசிராஜன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அக்சா புழு போடும் குப்பிகளைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, காய் பறிக்க ஆரம்பித்தாள்.