பாவுனின் மணிக்கட்டு

நான்காவது கடிகாரத்தையும் காதருகே கொண்டுபோன பெர்ஸாவைப் பார்த்துக் கடைக்காரி யெலிட்சா சிரித்தாள்.

"தர்பூசணியா வாங்குற, காது வச்சுக் கேக்க? யாருக்குன்னு சொல்லு, நானே எடுத்துத் தரேன்."

"அப்பாவுக்குக்கா."

"திராய்லோவுக்கா? அவரு படுத்த படுக்கையால்ல..." யெலிட்சா பாதியில் நிறுத்தினாள். சிரிப்பு அடங்கிவிட்டது. "ஓ. அங்கே போறதுக்கா?"

பெர்ஸா தலையசைத்தாள்.

நெகோடின் நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். செத்தவருக்கென்று புதுச் சட்டை, புது பூட்ஸ், கைக்கடிகாரம் எல்லாம் வாங்கி, அடக்கம் முடிந்த அன்றே உயிரோடிருக்கும் ஒருவனுக்குப் போட்டுவிடுவார்கள். அவன் இங்கே எதைப் போட்டுக்கொள்கிறானோ, அதைச் செத்தவர் அங்கே போட்டுக்கொள்வார். திராய்லோ மற்ற எல்லாவற்றையும் போன வருடமே வாங்கி அலமாரியில் அடுக்கியாயிற்று. கடிகாரம் மட்டும் பாக்கி. மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவர், இன்று காலையில் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். "இன்னிக்கே போ. மத்தியானத்துக்குள்ள வந்துடு" என்றார். ஏன் மத்தியானத்துக்குள் என்று அவளும் கேட்கவில்லை.

"தினமும் போட்டுக்கிறதா, நல்லா உழைக்கிறதா இருக்கணும்னார்" என்றாள் பெர்ஸா.

"அப்போ தோல் பட்டையை விட்டுடு. வேர்வையில ரெண்டே வருஷத்துல இத்துப்போகும். ரப்பர் வெடிச்சிடும். ஸ்டீல்தான் சரி." யெலிட்சா இரண்டு கடிகாரங்களை எடுத்துத் துணிமேல் வைத்தாள். "ரெண்டுமே கீறல் விழாத கண்ணாடி. தண்ணியில முக்கினாலும் ஒண்ணும் ஆகாது. அங்கே ஆறு வேற கடக்கணும்னு சொல்றாங்களே."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது வெளிச்சத்துல ஓடுறது. ஜன்னலோரம் போட்டு வச்சாக்கூட ஓடிக்கிட்டே இருக்கும். என் வீட்டுக்காரருக்கு நான் இதைத்தான் வாங்கிக் குடுத்தேன். அது கை அசைவுல ஓடுறது. இரும்பு மாதிரி, தலைமுறைக்கும் உழைக்கும். ஒரே ஒரு தொல்லை, கழற்றி வச்சா ரெண்டு நாள்ல நின்னுடும்."

பெர்ஸாவின் கை வெளிச்சத்தில் ஓடுவதன் மேல்தான் போயிற்று. இருந்தாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வீட்டுக்குப் போன் செய்தாள். காவலுக்கு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி எடுத்து, அவர் காதில் வைத்தாள். முதலில் மூச்சுதான் கேட்டது, ஈர மணலை வாருவதுபோல.

"அப்பா, வெளிச்சத்துல ஓடுறது ஒண்ணு இருக்கு. சாவியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்."

"கழற்றிப் போட்டாலும் ஓடுமா?"

"ஓடும்ப்பா."

"வேண்டாம்."

மூச்சு நாலைந்து முறை வந்து போயிற்று.

"கழற்றினா நிக்கிறது... இருக்கா?"

பெர்ஸா கை அசைவில் ஓடுவதைத் தொட்டாள். "இருக்கு. ரெண்டு நாள்ல நிக்குமாம்."

"அதை வாங்கு."

"யாருக்குப் போடறோம்ப்பா?" அத்தை மகனுக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"பாவுனுக்கு" என்றார் அவர்.

இருபத்தேழு வருடமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கல்குவாரியில் வெடி வைக்கும் வேலை பாவுனுக்கு. குறித்த நேரத்துக்கு அலுவலகத்தில் சங்கு ஊதும், ஆட்கள் விலகுவார்கள்; ஐந்து நிமிடம் கழித்து அவர் தன் கடிகாரத்தைப் பார்த்து வெடிக்க வைப்பார். ஒரு மார்ச் மாதக் காலையில் அந்தக் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடியது. சங்கு ஊதும் முன்பே வெடித்தது. பெர்ஸாவின் தம்பி ராதுல் அப்போதுதான் ஏணியில் கால் வைத்திருந்தான். யார்மேலும் குற்றமில்லை என்று விசாரணையில் எழுதி மூடினார்கள். அன்றிலிருந்து பாவுன் கடிகாரம் கட்டுவதில்லை. யாரிடமும் மணி கேட்பதும் இல்லை.

"எதைக் கட்டித் தரட்டும்?" என்றாள் யெலிட்சா.

வெளிச்சத்தில் ஓடுவதை வாங்கிக்கொண்டு போனால் அப்பாவுக்குத் தெரியவா போகிறது? இரண்டும் ஒரே கறுப்பு முகம், ஒரே கனம். இருந்தும் பெர்ஸா மற்றதைக் காட்டினாள். சாகப்போகிறவரிடம் பொய் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கண் திறந்திருந்தது. கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்தாள். நொடிமுள் அசையவில்லை. எடுத்து நாலு முறை குலுக்கியதும் ஓடத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்து, மறுபடி கையில் கொடுத்தாள்.

"நேரம் சரியா வச்சியா?"

"வச்சேன்ப்பா."

"நிமிஷம் பிசகாம?"

"ஆமாம்ப்பா."

அவர் விரல்கள் அதன்மேல் மெல்ல மூடின. பெர்ஸா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பாவுன் மாமாவை மன்னிச்சிட்டீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் பார்க்காத ஒரு பார்வை. அதில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. உதடு அசைந்தது. அவள் குனிந்து காது கொடுத்தாள்.

"மெழுகுவத்தியை ஏத்து" என்றார்.

வெளிச்சம் கையில் இல்லாமல் போகிறவன் அங்கே இருட்டில் திண்டாடுவான் என்பது அவர்கள் பயம். அவள் ஏற்றி, அவர் விரலோடு தன் விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மெழுகு அவள் கையில் வழிந்தது. பாதி உருகுவதற்குள் மூச்சு நின்றது.

பாவுனுக்கு ஆள் அனுப்பினாள். வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். மனதின் ஒரு மூலையில், வராமல் இருந்துவிடட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். மறுநாள் மழையில் அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது அவர் கதவருகில் நின்றிருந்தார். சவரம் செய்த முகம், தாடையில் ஒரு வெட்டு.

சட்டையைப் போட்டார். பூட்ஸைப் போட்டார். பெர்ஸா கடிகாரத்தை எடுத்ததும் மேசையில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அவர் இடது கையை நீட்டினார். அது ஈரத் துணியைப்போல் சில்லிட்டிருந்தது.

"எங்கப்பா பேருக்கு" என்று சொல்லிப் பூட்டினாள். பூட்டு 'டக்' என்றது.

"கடவுள் ஏத்துக்கட்டும்" என்றார் பாவுன். யாரோ ஒருத்தர் அவசரமாகச் சாராயம் ஊற்றினார். கரண்டிச் சத்தம் மறுபடி கிளம்பியது. பாவுன் மட்டும் வலது கையால் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார், வாயில் வைக்கவில்லை.

அவர் எழுந்து போனபோது பெர்ஸா முற்றம் வரை பின்னாலேயே போனாள்.

"மாமா, வீட்டுக்குப் போனதும் கழற்றி வச்சுடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"கழற்றினா நின்னுடுமில்ல?"

பெர்ஸா திடுக்கிட்டாள். "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. உங்கப்பன் வேற மாதிரி ஒண்ணு வாங்கியிருக்க மாட்டான்." கைக்குட்டையால் முகத்து ஈரத்தைத் துடைத்தார். "எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாள்" என்று திருப்பிச் சொன்னார். சட்டைக் கையை முழுக்க இழுத்து விட்டுக்கொண்டார். "தூங்கும்போது போட்டுக்கணுமான்னு ஏதாவது சொன்னானா?"

"இல்ல மாமா."

"சரி."

கேட்டருகில் அவர் மனைவி குடையோடு காத்திருந்தாள். அவர் வந்ததும் வழக்கம்போல அவருடைய இடது கையைப் பிடிக்கப் போனாள். பாவுன் அவளைச் சுற்றி மறுபக்கம் போய் வலது கையைக் கொடுத்து, இடது கையை வீசியபடி நடந்தார்.