ஏழாம் எண் அட்டை

மன்னிப்புக் கடிதத்தை ராமசுப்பு சாரே எழுதி, பிழை திருத்தி, டைப் அடித்தும் வைத்துவிட்டார். மாரிக்கனி செய்ய வேண்டியதெல்லாம், அதில் கையெழுத்துப் போட்டு, மஞ்சணத்தியேந்தல் கிராம சபையில் எழுந்து நின்று வாசிப்பது மட்டும்தான். இத்தனை சலுகை வேறு யாருக்குக் கிடைக்கும்!

அருப்புக்கோட்டையில் ஒரு செருப்புக்கடை மாடியில், ஒற்றை அறையில் இயங்கும் சின்ன அறக்கட்டளை அவர்களுடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ராமசுப்பு அதன் செயலாளர். வரலாறும் குடிமையியலும் நடத்துவதற்கு வேண்டிய சாமான்களைச் செய்து அரசுப் பள்ளிகளுக்குச் சும்மா கொடுப்பார்கள். பள்ளிக்கு ஒரு தகரப்பெட்டி. உள்ளே வரைபடங்கள், பழைய படங்கள், விளையாட்டுத் தேர்தல் நடத்த ஒரு வாக்குப்பெட்டி, முப்பது பாட அட்டைகள். திருச்சுழிப் பக்கம் நாற்பது பள்ளிகளில் அந்தப் பெட்டி இருந்தது. ஏழாம் எண் அட்டையை எழுதியவள் மாரிக்கனி.

அதில் அவள் குண்டு ஒன்றும் வைத்துவிடவில்லை. கிராம சபை என்றால் என்ன என்று பத்து வரி. கீழே வீட்டுப்பாடம்: ‘கடைசியாக நடந்த கிராம சபையில் உங்கள் ஊரில் என்ன தீர்மானம் போட்டார்கள்? கலந்துகொண்ட இரண்டு பேரைக் கேட்டு எழுதி வாருங்கள்.’

மஞ்சணத்தியேந்தல் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் தெருத்தெருவாகக் கேட்டுப் பார்த்தார்கள். கலந்துகொண்டதாக ஒரு ஆள்கூட அகப்படவில்லை. “கூட்டமா? கம்மாய்ல நூறு நாள் வேல பாக்கயில, வருகைக்குப் போடுங்கன்னு ஒரு நோட்டுல கையெழுத்து வாங்குனாக. அதுவா?” என்றுதான் எல்லாரும் திருப்பிக் கேட்டார்கள். பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தார்கள். டீச்சர் கனகலட்சுமி அதை அப்படியே சார்ட்டில் ஒட்டி வகுப்புச் சுவரில் மாட்டினார். பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டி திறந்துவைக்க வந்த ஊராட்சித் தலைவர் வீரணன் அதை நின்று நிதானமாகப் படித்தார்.

மறுநாளே அவரிடமிருந்து அறக்கட்டளைக்கு ஆள் வந்துவிட்டது. அட்டை ஊருக்கு அவதூறு. எழுதியவள் அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் வந்து, அதில் இருப்பது பொய்யென்று ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏழாம் எண் அட்டையை எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மேலே மனுப்போட்டு நாற்பது பள்ளியிலிருந்தும் பெட்டியையே எடுக்க வைத்துவிடுவாராம்.

“ஒரு அட்டைக்காக நாப்பது பள்ளிக்கூடத்த விட முடியுமாம்மா?” என்றார் ராமசுப்பு.

“அதுல ஒரு வரி பொய்யின்னு காட்டுங்க சார். நானே கிழிச்சுப் போடுறேன்.”

“பொய்யின்னு யாரு சொன்னா? பிரச்சினைன்னுதான் சொல்றேன்.”

இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க இதையேதான் மென்றுகொண்டு வந்தாள் மாரிக்கனி. ஏழு போனால் ஆறும் எட்டும் இருக்கும். ஆறில் சோழர் காலத்துக் குடவோலை முறை. எட்டில் நாடாளுமன்றம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் ஆயிரம் மைலுக்கு அப்பால் நடப்பதையும் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். சொந்த ஊரில் நடப்பதை மட்டும் கேட்டுவிடக் கூடாது. என்ன ஒரு படிப்பு! அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது. திருச்சுழியில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறும்வரைக்கும் அது ஆறவில்லை.

கிராம சபை நடக்கும் பள்ளி வளாகத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தரை தெரியாமல் ஜனம் உட்கார்ந்திருந்தது. தான் ஜெயிப்பதை ஊரே பார்க்க வேண்டும் என்று வீரணனுக்கு ஆசை. வராதவர்களுக்கு அடுத்த வாரம் வேலை கிடையாது என்று மேஸ்திரியை விட்டுச் சொல்லி, நூறு நாள் வேலை ஆட்கள் அத்தனை பேரையும் திரட்டியிருந்தார். அந்த ஊரில் நூறு பேர் கூடினால்தான் கிராம சபை செல்லும். மாரிக்கனி மெல்ல எண்ணினாள். நூற்று முப்பத்தேழு.

மனுஷன் தன் கையாலேயே நிஜமான கிராம சபையைக் கூட்டி வைத்திருக்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஊராட்சிச் செயலர் இன்பராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

“வாசிக்கத்தான் வந்திருக்கேன் தலைவரே,” என்றாள் மாரிக்கனி. “ஆனா எனக்கு ஓட்டு பாலவனத்தத்துல. இது இந்த ஊரு ஓட்டுக்காரவுக சபை. வெளியூர்க்காரி நான் பேசணும்னா சபை சம்மதிக்கணும். நீங்க மட்டும் சொன்னாப் பத்தாது.”

வீரணன் சிரித்தார். “நல்லாக் கேளு. என்னப்பா, இந்தப் பிள்ள மன்னிப்புக் கேக்கட்டுமா?”

ஆண்கள் பக்கம் சிலர் கை தூக்கினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மாயக்காள் எழுந்தாள். அவள் மகள் அந்த எட்டாம் வகுப்பில்தான் படிக்கிறாள்.

“எதுக்கு மன்னிப்பு? அந்தப் பிள்ள என்ன எழுதுச்சுன்னே தெரியாம எப்படித் தலையாட்டுறது? மொதல்ல அட்டைய வாசிக்கச் சொல்லுங்க.”

“ஆமா, அட்டைய வாசிக்கட்டும்,” என்று நாலைந்து குரல்கள் சேர்ந்தன.

கடிதம் பைக்குள்ளேயே கிடக்க, அட்டையை எடுத்து மாரிக்கனி வாசித்தாள். பத்து வரியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வீட்டுப்பாடத்தையும் வாசித்தாள்.

“இதுல எது பொய்யி?” என்றாள் மாயக்காள். பிறகு செயலர் பக்கம் திரும்பினாள். “ஏப்பா இன்பராஜு, போன கூட்டத்துல நாங்க என்ன தீர்மானம் போட்டோம்? வாசி, எங்களுக்கும் தெரியட்டும்.”

இன்பராஜ் தலைவரைப் பார்த்தான். தலைவர் வானத்தைப் பார்த்தார். கூட்டம் இன்பராஜைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் நோட்டைப் பிரித்தான். “பள்ளி மைதானத்தின் மேற்குப் பாதியில் ஊராட்சிக் கடைகள் கட்டிக்கொள்ள சபை ஒருமனதாக...”

அதற்கு மேல் அவன் வாசித்தது யார் காதிலும் விழவில்லை.

“எம் பிள்ளைக வெளையாடுற எடத்தையா? நானா சொன்னேன்?”

“ஏலே மேஸ்திரி, வருகைன்னுல்ல சொன்ன!”

வீரணன் எழுந்து மாரிக்கனியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். “நாப்பது பள்ளிக்கூடத்துலயும் ஒங்க பெட்டி இருக்காது. பாத்துக்க.”

“நாப்பது ஊருலயும் கிராம சபை இருக்கு தலைவரே. அங்கயும் என்னைய மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க, வாரேன். ஆளு மட்டும் இதே மாதிரி நெறையக் கூட்டி வைங்க.”

மாயக்காள் இரண்டு தீர்மானம் சொன்னாள். பழைய தீர்மானம் ரத்து. ஏழாம் எண் அட்டையில் பொய் எதுவும் இல்லை, அது பள்ளியிலேயே இருக்க வேண்டும். எதிர்த்துக் கை தூக்கச் சொன்னதற்கு ஒரு கையும் எழவில்லை. இன்பராஜ் எழுதிவிட்டு நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினான். முன் வரிசையில் ஒருத்தியும் பேனாவைத் தொடவில்லை.

“எழுதுனத வாசி,” என்றாள் அவர்களில் ஒருத்தி.

வாசித்தான். இரண்டாவது தீர்மானத்தில், ‘அட்டை குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று இருந்தது.

“நாங்க விவாதிக்கலயே. முடிவுல்ல பண்ணிருக்கோம். அடிச்சுட்டு எழுது,” என்றாள் மாயக்காள். அடித்துவிட்டு எழுதினான்.

கையெழுத்து ஓடிக்கொண்டிருந்தபோது ராமசுப்பு போனில் வந்தார். “வாசிச்சிட்டியாம்மா?”

“கடிதத்த வாசிக்கல சார். அட்டையத்தான் வாசிச்சேன். அதுல பொய் இல்லன்னு சபை தீர்மானம் போட்டுருச்சு.”

“நாளைக்கு ஆபீஸுக்கு வா, பேசிக்குவோம்,” என்றார்.

“வாரேன் சார். ஆனா அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேணும்னா என் வேலைய எடுத்துக்கங்க. அட்டையத் தர மாட்டேன்.”

எல்லாரும் போட்டு முடித்தபின், கூட்டத் தலைவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. வீரணன் காரைப் பார்த்து நடந்தார். வாசலை அடைத்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தியும் எழுந்திரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு திரும்பி வந்து, பேனாவை வெடுக்கென்று பிடுங்கிக் குனிந்தார்.

மாயக்காள் நோட்டின் மேல் கையை வைத்தாள்.

“வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்க தலைவரே,” என்றாள். மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். “சத்தமா.”